முதல் பக்கத்துக்கு வந்த சட்டை

எங்கள் ஊரில் புதிதாக ஒருவர் கம்பெனிக்குள் வந்து உட்கார்ந்தால் முதலில் கேட்கிற கேள்வி, "யாரு சொல்லி வந்தீங்க?" என்பதுதான். காதர்பேட்டைக்குப் பனியன் வாங்க வடக்கே இருந்து வருகிற வியாபாரியானாலும் சரி, நெருப்பெரிச்சல் பகுதியில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிற டெய்லரானாலும் சரி, கேள்வி மாறாது. அவர் சொல்கிற பெயரைப் பொறுத்துத்தான் வெறும் டீயா, டீயோடு பிஸ்கட்டா என்பது முடிவாகும். இன்டர்நெட்டில் நாம் எதையாவது தேடினால், தேடித் தருகிற இயந்திரமும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறது என்று எனக்கு விளக்கியவர் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம்.

நங்கையா கணக்குப் படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தவர். ஒரு காதில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கத்த, இன்னொரு காதில் சாயப்பட்டறைக்காரர் கத்த, குரலை உயர்த்தாமலே இரண்டு பேரையும் ஒரு தேதிக்குச் சம்மதிக்க வைத்துவிடுவாராம். கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நம்பினேன், ஏனென்றால் இங்கே கத்துகிற வேலை என்னுடையது. நான் கட்டிங் பார்க்கிறவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். துணி வாங்குவதும் வியாபாரமும் அண்ணன் பொறுப்பு. அவருக்கு ஆசை வரும். நங்கையாவுக்கு இரண்டும் வராது, பிடிவாதம் மட்டும் வரும்.

நங்கையாவின் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிற்று. ஆள் நல்ல வாட்டசாட்டம். ஒரு சட்டையை அவருக்கு மாட்டி முடிப்பதற்குள் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேர்த்துவிடும். வராத கையை வளைத்து இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். கடைசியில் சட்டையே வேண்டாமென்று துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். யாராவது பார்க்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நங்கையா ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பக்கம் முழுசாத் தொறக்கறாப்பல ஒரு சட்டை வெட்டிக் குடுப்பீங்களா?" என்றார். வெட்டினேன். அழுத்தினால் மாட்டிக்கொள்கிற டிச் பட்டன் வைத்துத் தைத்தோம். படுத்திருக்கிறவரைத் தூக்காமல், கையை இழுக்காமல் போட்டுவிடலாம். அதைப் போட்ட அன்றைக்கு அவர் கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

அப்பா இறந்துபோன பிறகும் நங்கையா அந்தச் சட்டையை விடவில்லை. ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்கு நைட்டி என்று மாதிரிகள் தைக்க வைத்தார். "ஊருக்கு ஊரு இப்பிடி ஒருத்தரு துண்டப் போத்திக்கிட்டுத்தான படுத்திருப்பாங்க" என்று சொல்லிச் சொல்லியே அண்ணனிடம் ஒரு லைன் வாங்கிவிட்டார். லைன் என்றால் கம்பெனியில் ஒரு வரிசைத் தையல் மெஷின்களும் அதில் உட்காருகிற டெய்லர்களும். அண்ணன் சும்மா கொடுப்பாரா? "ஆடி முடியறதுக்குள்ள இந்த லைன் தன்ற சோத்தத் தானே தேடிக்கோணும். இல்லீன்னா மெஷினக் குடுத்துருவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது" என்றார். அந்த மெஷின்கள்மேல் கண் வைத்து, நாலு தெரு தள்ளி ஒரு கம்பெனிக்காரர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டும் இருந்தார்.

இந்தச் சட்டையைக் காதர்பேட்டையில் அடுக்கி வைத்து விற்க முடியாது. வேண்டியவர் எந்த ஊரில், எந்த வீட்டின் உள்ளறையில் கிடக்கிறாரோ யார் கண்டது? அந்த வீட்டுக்காரர்கள்தான் தேடி வர வேண்டும். அதற்காக நங்கையா ஒரு வெப்சைட் போட்டார். போட்டதோடு சரி. படுக்கையில் இருக்கிறவர்களுக்குச் சட்டை என்று நாங்களே தேடினாலும் மெத்தை வந்தது, போர்வை வந்தது, மாப்பிள்ளைச் சட்டைகூட வந்தது, முதல் இரண்டு பக்கத்தில் நாங்கள் மட்டும் வரவில்லை. எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது.

"ஏனுங் நங்கையா, நம்முளுது மட்டும் எங்க போயி ஒளிஞ்சுக்குச்சு?"

"நம்மளப் பத்தி நாமளே எவ்வளவு சொன்னாலும் அது நம்பாதுங் தம்பி. அடுத்தவங்க வெப்சைட்ல நம்ம பேரு இருக்கோணும். அதத் தொட்டா நம்ம பக்கம் தொறக்கோணும். அதுதான் லிங்க். நல்ல எடத்துல இருந்து அப்பிடி நாலு லிங்க் வந்துச்சுன்னா, பரவால்ல, இவங்களத் தெரிஞ்சவங்க இருக்கறாங்கன்னு நம்மள மேல ஏத்தி வெக்கும்."

இதை அண்ணன் காதில் போட்டிருக்கக் கூடாது. லிங்க் வேண்டும் என்ற வரைக்கும்தான் அவர் கேட்டார், நல்ல இடம் என்பதைக் கேட்கவில்லை. எங்கள் அண்ணன் லாட் எடுப்பதில் பெரிய ஆள். ஏற்றுமதியில் கழித்துப் போட்ட பீஸ்களைக் கம்பெனிகள் மொத்தமாக மூட்டை கட்டி விற்கும். பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். அண்ணன் மூட்டைக்குள் கையை விட்டுத் துணியைத் தடவிப் பார்த்தே இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் வீடு அதில்தான் நிமிர்ந்தது. லிங்க்கையும் அவர் லாட்டாக எடுத்துவிட்டார் என்பதுதான் வினை. போனில் பேசிய யாரோ ஒரு ஏஜென்ட் ஒன்றொன்றாக வாங்கினால் கட்டாது, மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறான். மொத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒண்ணொண்ணாப் போயிக் கெஞ்சீட்டிருப்பயா? லாட்டா இறக்கிட்டேன் பாரு" என்று வீட்டுக்கு ஜிலேபியோடு வந்தார்.

நங்கையா அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சூதாட்ட வெப்சைட்டிலிருந்து எங்களுக்கு லிங்க். வழுக்கைத் தலையில் முடி வளர்க்கிற தைலக்காரனிடமிருந்து லிங்க். எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத பக்கங்களின் அடியில், வாதம் வந்தவர்களுக்கான எங்கள் சட்டை. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால் ஊரே பார்த்து ஒதுங்குகிறவனின் பெயரைச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது எங்கள் கதை. கொஞ்சநாளில், தேடினால் வருகிற மூன்றாம் பக்கத்தின் மூலையில் எப்போதாவது தலைகாட்டிக்கொண்டிருந்த வெப்சைட் அங்கிருந்தும் காணாமல் போனது. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு ஆர்டரும் நின்றது. டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நானாக இருந்திருந்தால் அந்த ஜிலேபியை எடுத்து வீசியிருப்பேன். நங்கையா வீசவில்லை. "இந்த லாட்ல ஒரு நல்ல பீசுமில்லீங்க" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. நங்கையா அந்தக் குப்பையை எடுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் எழுதினார். பதில் வராதவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தேடுகிற இயந்திரத்துக்காரர்களிடமே சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறதாம், அதையும் செய்தார். தினமும் அடுப்பு வேலை முடித்து, கம்பெனிக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே முதுகு வலித்தது.

அதெல்லாம் முடிந்ததும், "தம்பி, வண்டிய எடுங்க. பத்திரிக வெக்கப் போலாம்" என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினாலோ போனில் அனுப்பினாலோ அது அழைப்பில்லை. நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, இரண்டு கையாலும் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். வாசலில் நின்றபடியே நீட்டிவிட்டுப் போனால் அதைச் சொல்லிக்காட்டியே பத்து வருஷம் ஓட்டுவார்கள். லிங்க் கேட்பதும் அப்படித்தான் என்று நங்கையா முடிவு கட்டியிருந்தார். நம்மைப் பற்றி நாலு பேரிடம் சொல்லச் சொல்கிறோம், முகம் காட்டாமல் கேட்கலாமா என்பது அவர் நியாயம். ஒரு பையில் இரண்டு சட்டை, கொஞ்சம் வாழைப்பழம். நான் டிரைவர். ஈமெயிலில் முடிகிற வேலைக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிற குடும்பம் உலகத்திலேயே நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் கோயமுத்தூரில் ஒரு பிசியோதெரபி டாக்டர். வாதம் வந்தவர்களுக்கு என்னென்ன பயிற்சி என்று வெப்சைட்டில் தமிழில் எழுதுகிறவர். நிறையப் பேர் படிக்கிற பக்கம். அவரைப் பார்க்க நோயாளிகளோடு நோயாளிகளாக உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவருக்குச் சட்டைப் பட்டன் போட முடியாமல் அவர் மனைவி திணறிக்கொண்டிருந்தார். நங்கையா பொறுக்கமாட்டாமல் எழுந்து, "ஏனுங்கம்மா, நான் போட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு, பையிலிருந்த எங்கள் சட்டையை எடுத்துத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து அவருக்கு மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"இது எங்க கிடைக்குதுங்க?" என்றார்.

"கிடைக்குமுங்க. ஆனா தேடுனாத்தான் கிடைக்காது" என்றார் நங்கையா.

டாக்டர் சிரித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு முழுக் கதையையும் கேட்டார். லாட் கதையையும் நங்கையா மறைக்கவில்லை. டாக்டர் எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வாங்குங்க, வாங்குங்கன்னு மட்டும்தானே இருக்கு? இதுக்கு நான் எதுக்கு லிங்க் தரணும்? எப்படிப் போட்டுவிடறதுன்னு சொல்லிக் குடுங்க. தினம் எங்கிட்ட அதைத்தான் கேக்கறாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நங்கையாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. வரும் வழியெல்லாம், "எவ்வளவு சரியாச் சொன்னாரு பாத்தீங்களா" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் என்னைக் கட்டிங் டேபிளில் படுக்க வைத்தார்கள். நான்தான் நோயாளி. ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தைக்கிற அக்கா எனக்குச் சட்டை மாட்டிவிட, நங்கையா ஒவ்வொரு நிலையாகப் படம் எடுத்தார். "அண்ணாச்சி, நோயாளிக்கு இம்புட்டுத் தொப்பையா? வயித்தக் கொஞ்சம் எக்குங்க" என்று அந்த அக்கா சொல்ல, லைனே சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

படங்களைப் பார்த்த டாக்டர் ஒரு திருத்தம் சொன்னார். போடும்போது வராத கைக்கு முதலில் போட வேண்டும், கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில் கழற்ற வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம். மறுபடி படுத்தேன், நங்கையா மறுபடி எடுத்தார். யார் வீட்டுச் சட்டையாக இருந்தாலும் இந்த முறையில் போடலாம் என்று எழுதி, பழைய சட்டையையே வெட்டி இப்படித் தைத்துக்கொள்வதற்கு என் அளவுப் படத்தையும் வெப்சைட்டில் சும்மாவே போட்டுவிட்டார். "அப்பறம் நம்மகிட்ட எவன் வாங்குவான்?" என்று குதித்தேன். "தைக்கத் தெரிஞ்சவங்க தைச்சுக்கட்டுமுங் தம்பி. அவங்க ஊட்லயும் ஒருத்தரு துண்டோடதான படுத்திருக்கறாங்க" என்றார். அந்த வாரம் டாக்டரின் பக்கத்திலிருந்து எங்களுக்கு முதல் நல்ல லிங்க் வந்தது.

அடுத்து சோமனூரில் ஓர் அம்மா. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் படுக்கையில் விழுந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதிவருகிறவர். "நான் போட்டுப் பாக்காத எதையும் எழுதறதில்லீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தோம். ரொம்ப நாள் சத்தமே இல்லை. பிறகு எழுதினார்: சட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் பட்டன் இருக்கிற பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அது விலாவில் அழுத்துகிறது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, "ஊரறியக் குறை எழுதீருக்கறாங்க, போன் பண்ணி எடுக்கச் சொல்லு" என்றார். நங்கையா சட்டையோடு என் டேபிளுக்கு வந்தார். பட்டன் வரிசையை விலாவிலிருந்து முன்பக்கம் தள்ளிப் புது பேட்டர்ன் போட்டேன். மறுபடி சோமனூர் போனோம். இந்த முறை அந்த அம்மா எங்களுக்குக் காப்பி கொடுத்தார். சொன்னதும் மாற்றிக்கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எழுதி, லிங்க்கும் வைத்தார்.

எல்லா இடத்திலும் காப்பி கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியவில்லை. ஓரிடத்தில் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றார்கள். நான் வண்டியில் வரும்போது அவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நங்கையா கேட்டுக்கொண்டே வந்து, "பத்திரிக வெச்ச எல்லாருமா கல்யாணத்துக்கு வர்றாங்க?" என்பார். இந்த மனுஷிக்கு எங்கிருந்து வருகிறது இவ்வளவு பொறுமை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பொறாமையாகவும் இருக்கும்.

பிறகு ஒருநாள் அவர் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. கேரளத்தில், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு குழு, எங்கள் பக்கத்துக்கு லிங்க் வைத்திருந்தது. நாங்கள் அவர்களிடம் போனதுமில்லை, எழுதினதுமில்லை. சோமனூர் அம்மா எழுதியதைப் படித்து அவர்களாகவே சொல்லியிருக்கிறார்கள். "நாம கூப்புடாமயே வந்திருக்கறாங்க தம்பி" என்றார். அப்புறம் இன்னும் சிலர் அப்படி வந்தார்கள். வெப்சைட் மூன்றாம் பக்கத்துக்கு வந்தது, இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. ஆர்டர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. டெய்லர்கள் குனிந்து தைக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஆடி முடிந்துவிட்டது. அண்ணன் அதற்கு முன்பே, லாட் விஷயத்தில் மனசு விட்டுப்போயிருந்த சமயத்தில், மெஷின்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கம்பெனிக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் வாய்ச்சொல்லுக்கு மேல் பத்திரம் இல்லை. அவர் டெம்போவோடு வந்து வாசலில் நின்ற காலையில், நங்கையா லைன் பக்கமே திரும்பாமல் ஆர்டர் பார்சலுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தார். வாக்கை மீறச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூத்துக்குடி அக்கா தன் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணனுக்கு மட்டும் கடைசியாக ஒரு நப்பாசை. நாங்கள் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று முந்தின நாள் அவர் தன் போனைக் காட்டியிருந்தார். "உங்க போன் உங்களுக்குப் புடிச்சதத்தான் காட்டுமுங்க, நம்பாதீங்க" என்று நங்கையா சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் இப்போது வந்தவரை உட்கார வைத்து டீ கொடுத்து, "ஏனுங்க, உங்க போன்ல ஒண்ணு தேடிப் பாருங்களேன். படுத்துக்கிட்டு இருக்கறவங்களுக்குச் சட்டைன்னு" என்றார்.

அவர் எதற்கென்று புரியாமல் போனை வாயருகே வைத்துச் சொன்னார். திரையைப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஒன்றைத் தொட்டார். அண்ணன் எட்டிப் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். திரையில், கட்டிங் டேபிளில் தொப்பையோடு நான் படுத்திருந்தேன். அண்ணன் என் தோளை அழுத்திப் பிடித்தார்.

வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே போனார். நைட்டி இருக்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டார். டீ ஆறிப்போயிற்று. "எங்கம்மா வாதத்துல கெடக்கறாங்க. ஜாக்கெட்ட முதுகுல கத்தரிக்கோலாலக் கிழிச்சு, ஊக்குக் குத்தித்தான் போட்டு உடறோமுங்க. துணிக் கம்பெனி வெச்சிருக்கற எனக்கு இப்பிடி ஒண்ணு இருக்கும்னு தேடத் தோணல பாருங்க" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "இத எந்த மெஷின்லீங்க தெக்கறீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் லைனைக் காட்டினார். "நீங்க எடுத்துட்டுப் போக வந்தது தானுங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். டெம்போக்காரரைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நங்கையா பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அளவெடுக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"அம்மாவுக்கு எந்தக் கை வரமாட்டேங்குதுங்க?"

"சோத்துக்கைங்க" என்றார் அவர்.